கடைசி நாள் கடலுக்கு: காலையில் குளி, மாலையில் உட்கார்

புக்கெட் டிக்கெட் போட்டாச்சுன்னு ஊர் சுத்துற லிஸ்ட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தியே, பார்த்தேன். மத்த நாளுக்கெல்லாம் மணிவாரியா எழுதியிருக்கே. கடைசி நாளுக்கு மட்டும் "பீச், ரெஸ்ட்"னு ரெண்டே வார்த்தை. முடிவு நல்ல முடிவுதான். கடலுக்கு டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது, பாதியில எழுந்து வந்தாலும் காசு நஷ்டமில்லை. ஆனா கூட மாப்பிள்ளை, மாமியார், ஆறு வயசுப் பையன், நாலு பெட்டி, ராத்திரி விமானம். அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள நிறைய வேலை ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன், கேட்டுக்கோ.

1. முதல்ல டிக்கெட்டில் தேதியைப் பார்

விமானம் நடுராத்திரி தாண்டிக் கிளம்புதுன்னா கவனம். 15-ஆம் தேதி 00.40னு போட்டிருந்தா, 14-ஆம் தேதி ராத்திரியே நீ ஏர்போர்ட்டில் இருக்கணும். 15-ஆம் தேதி சாயங்காலம் பெட்டியோட போய் நின்னா விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். இன்னொண்ணு, தாய்லாந்து நேரம் நம்ம நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னாடி. டிக்கெட்டில் இருக்கிறது அந்த ஊர் நேரம். அத்தை கைக்கடிகாரம் நம்மூர் மணியிலேயே ஓடும், அதைப் பார்த்துக் கணக்குப் போடாதீங்க.

2. பேர்போன பீச் வேண்டாம், பக்கத்து பீச் போதும்

பட்டோங், கரோன், கட்டா எல்லாம் தீவோட தென்மேற்குப் பக்கம். ஏர்போர்ட் வடக்கு ஓரம். பட்டோங்கிலிருந்தே முப்பது கிலோமீட்டருக்கு மேல; சாயங்கால நெரிசல்ல ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஆகும். அந்த ஊர்களை முதல் நாட்கள்லயே முடிச்சுக்கோ. கடைசி ராத்திரி தங்கல் மட்டும் நை யாங் பக்கம் போடு. ஏர்போர்ட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம்தான். கரையெல்லாம் சவுக்கு மரம், அதனால நிழலுக்குக் குடை வாடகை கொடுக்க வேண்டாம். அது சிரினாத் தேசியப் பூங்காவை ஒட்டின கரை. பூங்கா எல்லைக்குள்ள போனா வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு, பக்கத்துப் பொதுக் கரைக்குக் கிடையாது.

அங்கிருந்து வடக்கே மை காவ். பதினோரு கிலோமீட்டர் நீளக் கடற்கரை. ஓடுபாதை அதோட தென்கோடியில கரையைத் தொட்டாப்பல முடியுது. கிழக்குக் காற்று அடிக்கிற நவம்பர் முதல் ஏப்ரல் வரை விமானங்கள் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து தலைக்கு மேலேயே இறங்கும். பையன் குதிப்பான். மழைக்காலத்துல காற்று திசை மாறிடும். அப்ப விமானம் கடல் பக்கமா ஏறிப் போகும், அவ்வளவு தாழ்வா இருக்காது. போட்டோ ஆசையில தடுப்புக் கோட்டை மட்டும் யாரும் தாண்டக் கூடாது. அங்கே கெடுபிடி ஜாஸ்தி.

3. கடல் குளியலை ரூம் காலி பண்றதுக்கு முன்னாடியே முடி

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும்னா இது இருக்கட்டும். எல்லாரும் ரூமைக் காலி பண்ணிட்டுக் கடலுக்குப் போவாங்க. அப்புறம் உப்பும் மணலுமா ஏர்போர்ட் கழிவறையில குழந்தைக்குத் துணி மாத்திக்கிட்டு நிப்பாங்க. நீ திருப்பிப் போடு. காலையில ஏழு மணிக்கு இறங்கு, ஒன்பதுக்குள்ள கரையேறு. வெயிலும் ஏறியிருக்காது. உன் ரூம்லயே நல்ல தண்ணியில குளி, தலை காய வை, நனைஞ்ச துணியை பால்கனியில போடு. பதினொண்ணு, பன்னிரண்டு மணிக்குக் காலி பண்றதுக்குள்ள முக்கால்வாசி உலர்ந்துடும்.

சாயங்காலம் திரும்பக் கடற்கரைக்குப் போ. ஆனா இந்தத் தடவை கால் நனைக்க மட்டும். நை யாங் மேற்குப் பார்த்த கரை, சூரியன் கடல்லதான் இறங்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துட்டு அப்படியே கிளம்பலாம்.

பையன் கேட்க மாட்டான், மறுபடி இறங்குவேன்னு அழுவான்னு தெரிஞ்சா, பகல் வாடகைக்கு ரூம் கிடைக்குமான்னோ, பெட்டியை வைச்சுட்டு நீச்சல் குளத்து ஷவரைப் பயன்படுத்தலாமான்னோ விடுதியில முந்தின நாளே கேட்டு வை.

4. கொடியைப் பார்த்துட்டுத்தான் கால் வைக்கணும்

மே முதல் அக்டோபர் வரை அந்தக் கரைக்குத் தென்மேற்குப் பருவமழை. ஆளைக் கடலுக்குள்ள இழுக்கிற நீரோட்டம் இருக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தா முழங்கால் அளவுகூட வேண்டாம். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் கொடி ரெண்டு இருந்தா, அதுக்கு நடுவுல காவலர் பார்வையில குளிக்கலாம். இழுப்புல மாட்டினா கரையைப் பார்த்து நீந்தாதே, தெம்பு போயிடும். கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்பு. மை காவ் கரை சட்டுன்னு ஆழமாகும், பையனை அங்கே இறக்கவே இறக்காதே.

சொறிமீன் பட்டா தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணியும் ஊத்தக் கூடாது. வினிகர் ஊத்தணும். சில கடற்கரையில கம்பத்துல வினிகர் பாட்டிலே மாட்டி வைச்சிருப்பாங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இருந்தா யோசிக்காம ஆஸ்பத்திரி.

5. கடைசி நாள் தொடக்கூடாத மூணு

ஸ்கூபா டைவிங்: ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற நேரம் வேணும். ஒரே ஒரு தடவை டைவ் பண்ணினா 12 மணி நேரம், பல தடவைன்னா 18 மணி நேரமாவது கழிச்சுத்தான் விமானம் ஏறணும். மாப்பிள்ளைக்கு ஆசைன்னா ரெண்டு நாள் முன்னாடியே முடிக்கச் சொல்லு.

தீவுப் படகு: பீ பீ தீவுக்குப் போற படகு திரும்பவே சாயங்காலம் ஆகும். காற்று மாறினா தாமதம், ரத்து. விமானம் காத்திருக்காது.

வாடகை ஜெட் ஸ்கீ, ஸ்கூட்டர்: கீறல் விழுந்துச்சுன்னு தகராறு கிளப்பினா, அவசரத்துல இருக்கிறவங்கதான் கேட்ட காசைக் கொடுத்துட்டு நகருவாங்க. எந்த நாளா இருந்தாலும் பாஸ்போர்ட்டை அடமானமா கொடுக்காதே.

6. ஈரத்தை ஊருக்குக் கொண்டு வராதே

பெரிய டர்க்கி டவல் வேண்டாம். நம்ம ஈரிழைத் துண்டு நாலு எடுத்துக்கோ. கொடியில போட்ட கொஞ்ச நேரத்துல காயும், எடையும் கிடையாது. பையனுக்கு பருத்தி டிரவுசர் போட்டுக் கடல்ல இறக்காதே, சொட்டச் சொட்ட நிக்கும். நைலான் டிரவுசர் போடு. கால்ல ஒட்டின மணலுக்குத் தண்ணி தேடாதே. துண்டால ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு டால்கம் பவுடரைத் தூவித் தட்டினா மணல் தானா உதிரும்.

சாயங்காலக் கடற்கரைக்குப் பெட்டி வரக் கூடாது, விடுதியிலேயே இருக்கட்டும். ஒரு கைப்பை போதும். அதுல பாஸ்போர்ட், போன், மாத்திரை, ஆளுக்கு ஒரு மாத்துத் துணி. பவர் பேங்க்கும் கைப்பையிலதான், பெட்டியில போடக் கூடாது. சன்ஸ்கிரீன் பாட்டில் 100 மில்லிக்கு மேல இருந்தா பெட்டிக்குள்ள வை. பூசிக்கிறதுக்கு முன்னாடி அட்டையில ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இருக்கான்னு பார். பவளப்பாறைக்குக் கேடுன்னு 2021-லிருந்து தாய்லாந்து தேசியப் பூங்காக்களுக்குள்ள அதுக்குத் தடை.

7. அத்தைக்குச் சைவச் சாப்பாடு

காய்கறி மட்டும்னு சொல்லி வாங்கினாலும் மீன் சாஸ் ஊத்தியிருப்பாங்க. "ஜே"ன்னு கேளு. மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து போட்ட கடைகள்ல கிடைக்கும். அதுல மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது. அந்த மாதிரி கடை கண்ல படலைன்னா இளநீர், சுட்ட சோளம், தேங்காய்ப்பால் ஊத்தின மாம்பழச் சாதம். வாழைப்பழ ரொட்டி நம்ம பரோட்டா மாதிரி வீசிப் போடுவாங்க; முட்டை சேர்ப்பாங்க, வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லணும். ராத்திரிப் பயணம், அதனால காரமும் கடல் மீனும் மதியத்தோட நிறுத்திக்கோங்க.

8. சில்லறை, வரி, சிப்பி

பாட் நாணயத்தை இங்கே எந்த மாற்றுக்கடையும் வாங்காது. நோட்டை வைச்சுக்கிட்டு நாணயத்தை அன்னைக்கே இளநீருக்கும் ரூம் சுத்தம் பண்ணின அம்மாவுக்கும் கொடுத்துத் தீர்த்துடு.

ஒரே கடையில ஒரே நாள்ல 2,000 பாட்டுக்கு மேல வாங்கியிருந்தா, வரி திரும்பக் கிடைக்கிற பாரத்தைக் கடையிலேயே எழுதி வாங்கு. ஏர்போர்ட்டில் பெட்டியைப் போடுறதுக்கு முன்னாடி சுங்கத்துல சாமானைக் காட்டி முத்திரை வாங்க வேண்டி வரலாம். அதனால அந்தச் சாமான் பெட்டியில மேலாப்புல இருக்கட்டும்.

பவளத்துண்டு, சிப்பி, மணல் எதையும் பையன் பாக்கெட்டுல போட விடாதே. பவளம் எடுத்துட்டு வர்றது அங்கே குற்றம். பொறுக்கட்டும், அடுக்கட்டும், போட்டோ எடு, கரையிலேயே விட்டுடு. கடற்கரையில சிகரெட்டுக்கும் தடை, மாப்பிள்ளை கூட வர்ற நண்பர் யாராவது இருந்தா காதுல போட்டு வை.

9. விமானத்துலிருந்து பின்னால எண்ணு

ராத்திரி பத்து மணி விமானம்னா இப்படி:

7.00 – ஏர்போர்ட் உள்ளே
6.40 – விடுதியிலிருந்து வண்டி (முந்தின நாளே சொல்லி வைச்சது)
6.20 – கடற்கரையிலிருந்து எழுந்து, விடுதியில கால் கழுவி, பெட்டி எண்ணுறது
4.00 – சாயங்காலக் கடற்கரை
11.30 – ரூம் காலி, மதியச் சாப்பாடு, நிழல்ல ஓய்வு
9.00 – கரையேறிக் குளியல், துணி உலர்த்தல்
7.00 – கடல்

வரி முத்திரை வேலை இருந்தா எல்லாத்தையும் அரை மணி முன்னாடி தள்ளு. சூரியன் முழுசா இறங்கறதைப் பார்த்துட்டுத்தான் எழுவேன்னா, அந்த மாசத்துல எத்தனை மணிக்கு இறங்குதுன்னு பார்த்துட்டு மணியை மாத்திக்கோ. விமானத்தை மாத்த முடியாது.

10. கரைக்காவலுக்கு ஷிப்ட் போடு

கடற்கரையில எப்பவும் ஒரு பெரியவங்க நனையாம, பையோட, பையனைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கணும். இதுல நம்ம வீட்டுப் பொம்பளைங்க என்ன பண்ணுவோம்? "நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்"னு துண்டைப் பிடிச்சுக்கிட்டு நாள் முழுக்க நிப்போம். ஏழுலிருந்து எட்டு வரைக்கும் மாப்பிள்ளை, எட்டுலிருந்து ஒன்பது வரைக்கும் நீ. இதை அங்கே போய்ப் பேசிக்கலாம்னு விடாதே, இன்னைக்கு ராத்திரியே அவர்கிட்ட சொல்லி வை.