முதலில் காது, பிறகு வாய்

மும்பைத் தாராவியில் மாட்டுங்கா லேபர் கேம்ப் இருக்கிறது. குறுகிய சந்துகள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தமிழ்ப் பேச்சு. இன்னொரு வீட்டில் மராத்திப் பேச்சு. இங்கே ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆனால் அவர் மனக்கவலை கேட்குமா? நாம் காது கொடுத்தால்தான் கேட்கும்.

பேச்சு நின்ற காலம்

1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. உடனே பம்பாயில் கலவரம் மூண்டது. அப்போது மும்பையின் பெயர் பம்பாய். 1993 ஜனவரியில் மறுபடியும் கலவரம். சுமார் 900 பேர் இறந்தார்கள். தாராவியும் தப்பவில்லை. வதந்திகள் பரவின. பக்கத்து வீட்டாரைப் பார்த்தே பலர் பயந்தார்கள்.

கலவரம் அடங்கியது. பயம் அடங்கவில்லை. பேச்சு நின்றால் பயம் வளரும். பயம் வளர்ந்தால் வதந்தியும் உண்மை போலத் தெரியும்.

பேச்சைத் தொடங்கியவர்கள்

அதன் பிறகு மும்பையில் பல இடங்களில் மொஹல்லா கமிட்டிகள் தொடங்கின. மொஹல்லா என்றால் குடியிருப்புப் பகுதி. இந்துக்களும் முஸ்லிம்களும் இதில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். போலீசாரும் வந்தார்கள். சின்னச் சண்டை பெரிய கலவரம் ஆகாமல் தடுப்பதே நோக்கம்.

தாராவியில் இந்த வேலையில் இரண்டு நண்பர்கள் முன்நின்றார்கள். ஒருவர் பாவு கோர்டே. மற்றவர் வகார் கான். ஒருவர் இந்து. மற்றவர் முஸ்லிம். நான்கு மதத்தாரின் உடையில் பிள்ளைகள் நிற்கும் படத்தை வகார் கான் சுவரொட்டி ஆக்கினார். "நாம் எல்லோரும் ஒன்று" என்பதே அதன் செய்தி. இவர்களின் நட்பைப் பற்றி 2003-இல் ஓர் ஆவணப்படம் வந்தது. பெயர் 'நாத்தா'. இந்தியில் அதற்கு 'உறவு' என்று பொருள்.

குழாயடியில்

ஊர்ச் சண்டைக்கு உதவும் வழி வீட்டுக்கும் தெருவுக்கும் உதவும். ஒரு குழாயடியை நினைத்துப் பாருங்கள். வரிசை நீளம். ஒரு பெண் கடைசியில் வந்து, குடத்தை முன்னால் வைக்கிறாள்.

"உனக்கு மட்டும்தான் அவசரமா?" என்று கேட்டால் சண்டை வரும்.

"ஏக்கா, முகம் வாடிக் கிடக்கே. வீட்ல என்ன?" என்று கேட்டால் பதில் வரும்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை."

"அப்படியா? ஒரு குடம் பிடிச்சுக்கோ. மத்த குடத்தை வரிசையில வை. எங்களுக்கும் வேலைக்கு நேரமாச்சு."

இங்கே வரிசையும் கெடவில்லை. மனமும் நோகவில்லை. அன்பாகப் பேசுவது என்றால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது இல்லை. மற்றவர் கஷ்டத்தைக் கேட்க வேண்டும். நம் கஷ்டத்தையும் அமைதியாகச் சொல்ல வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. ஒருவர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாதீர்கள்.

2. "இது ஒரு கஷ்டமா? என் கஷ்டத்தைக் கேள்" என்று சொல்லாதீர்கள். துக்கத்தைத் தராசில் நிறுக்க முடியாது.

3. "நீ எப்பவும் இப்படித்தான்" என்று ஆளைக் குறை சொல்லாதீர்கள். நடந்ததை மட்டும் பேசுங்கள்.

4. ஒருவரின் தவறுக்கு அவர் சாதியையும் மதத்தையும் பழிக்காதீர்கள்.

5. காதில் விழுந்ததை உடனே பரப்பாதீர்கள். இன்று வதந்தி செல்போனிலும் வருகிறது. அனுப்பும் முன் விசாரியுங்கள்.

6. சொல்ல வார்த்தை இல்லையா? பக்கத்தில் உட்காருங்கள். அதுவும் ஆறுதல்தான்.

கலந்து பேசுங்கள்

1. கலவரம் அடங்கிய பிறகும் பயம் ஏன் அடங்கவில்லை?

2. மொஹல்லா கமிட்டியில் யார் யார் ஒன்றாக உட்கார்ந்தார்கள்?

3. உங்கள் தெருவில் பேச்சு நின்றுபோன இரண்டு வீடுகள் உண்டா? யார், என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்? அந்த முதல் வாக்கியத்தை எழுதுங்கள்.