ஒரு நேரத்தில் ஒரு மருந்து

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பிள்ளை ஓரிடத்தில் உட்காராமல் ஆட்டம் போடுகிறான் என்ற பேச்சு கிளம்பிவிட்டால், டாக்டரிடம் போகும் முன்பே வீட்டுக்கு நான்கு வைத்தியம் வந்து சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டு ஆயா வல்லாரைப் பொடி கொடுப்பார். திருப்பூரில் வேலை பார்க்கும் மாமா ஊருக்கு வரும்போது ஓமியோபதி உருண்டை வாங்கி வருவார். சந்தையில் ஒருவர் பெயரில்லாத பொட்டலம் மடித்துக் கொடுப்பார். கோயிலில் மந்திரித்த கயிறு கையில் ஏறும். நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியை. அரூர், மொரப்பூர், பென்னாகரம் பக்கத்து ஊர்களில் இப்படிப்பட்ட வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசுவது பல ஆண்டுகளாக என் வேலை. அங்கே கற்றதை, பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

மாற்று வைத்தியம் தேடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். "மூளைக்கு மாத்திரையாமே டீச்சர், பையன் மந்தமா போயிடுவானா?" என்று ஒரு தாய் கேட்கும்போது அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இது பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் சிக்கலும் அல்ல. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 770 குழந்தைகளைப் பரிசோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 11 சதவீதத்துக்குச் சற்று மேல் குழந்தைகளிடம் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி இருப்பதாகக் கண்டார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் நான்கைந்து பேர்.

ஆனால் சித்தாவோ, ஆங்கில மருந்தோ, கயிறோ, எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு இருப்பது கவனக்குறைவுதானா என்று பார்க்க வேண்டும். காதில் சீழ் வடிந்து பாதிக் காது கேட்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாது. கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பையனைக் கிள்ளிக்கொண்டிருக்கும். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து, இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் சோர்ந்துபோகும் என்றுதான் நினைப்போம். குழந்தைகளோ அப்போது இரண்டு மடங்கு துள்ளுவார்கள்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ஒரு வகை வலிப்பு. அதில் கை கால் வெட்டாது, நுரை தள்ளாது. பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடிகள் பார்வை நிலைகுத்தி நிற்கும், சில சமயம் உதடு மெல்லும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். ஒரு நாளைக்குப் பல தடவைகூட வரும். பாலக்கோடு பக்கம் 'கனவு காண்கிறாள்' என்று வகுப்பில் பெயர் வாங்கிய ஒரு சிறுமிக்கு மூளை மின்னலைப் பரிசோதனையான இ.இ.ஜி. எடுத்தபோது இதுதான் தெரிந்தது. வலிப்பு மாத்திரை ஆரம்பித்ததும் படிப்பில் நிமிர்ந்தாள். அந்த வீட்டில் ஏற்கெனவே நினைவாற்றல் லேகியம் ஒரு பெரிய டப்பா தீர்ந்திருந்தது. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு, 'இயற்கை மருந்து ஆரம்பித்துவிட்டோம்' என்று அதைத் திடீரென நிறுத்தவே கூடாது. நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவற்றைக் கண்டறியப் பள்ளியிலேயே ஒரு வழி உண்டு. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து, பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களைப் பார்க்கிறது. அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் ஏடிஎச்டியும் உண்டு. குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். வந்தவர்களிடம் வகுப்பாசிரியர் வழியாக உங்கள் சந்தேகத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

இனி சித்த மருத்துவம். நம் வீடுகளில் அதிகம் புழங்குவது வல்லாரையும் நீர்ப்பிரமியும். வல்லாரைத் துவையல், கீரைக் கூட்டு எல்லாம் தாராளமாகச் செய்யலாம், அது சாப்பாடு. நீர்ப்பிரமி மருந்தாக என்ன செய்யும் என்றால், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அதன் சாற்றை ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுடைய துடிப்போ கவனக்குறைவோ குறையவில்லை. தூக்கம் போன்ற சிலவற்றில் முன்னேற்றம் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு, சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பிரமி நெய் கொடுங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே மருந்துக்குக் காசில்லை, என்ன கொடுக்கிறார்கள் என்பதற்குச் சீட்டும் இருக்கும்.

உலோகங்களைப் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் என்று வந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஈயம் குழந்தையின் உடம்பில் சேர்ந்தால் என்ன செய்யும் தெரியுமா? கவனத்தைக் கெடுக்கும், கோபத்தைக் கூட்டும், அறிவுத்திறனைக் குறைக்கும். எதைத் தீர்க்கவென்று கொடுக்கிறோமோ அதையே அது வளர்க்கும். முறையாகச் சுத்தி செய்த மருந்தில் தீங்கில்லை என்று சித்த மருத்துவர்கள் சொல்வார்கள். பொட்டலத்தில் இருப்பது முறையாகச் சுத்தி செய்யப்பட்டதா என்று பார்க்க ஒரு தாயால் முடியாது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெயரில்லாப் பொடியைப் பற்றி இன்னொன்று. 'கொடுத்த அன்னிக்கே பையன் அடங்கிட்டான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்கே அடங்கினால்தான் பயப்பட வேண்டும். அப்படி அடங்கிய ஒரு பையனை நான் பார்த்தேன். பகல் பதினோரு மணிக்கு வகுப்பில் எச்சில் வடியத் தூங்கினான். உடனே நிறுத்தச் சொல்லி, பொட்டலத்தோடு டாக்டரிடம் அனுப்பினோம். தூக்க மருந்து கலந்திருக்கலாம் என்றார். மூளை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. சுவரொட்டியில் 'கேரண்டி' என்று போட்டிருந்தால், அந்தச் சுவரைத் தாண்டி நடங்கள்.

வசம்பு நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பான். அதைச் சுட்டு வயிற்றில் பூசுவது வேறு. பேச்சும் புத்தியும் தெளியும் என்று தினமும் நாக்கில் தடவுவது வேறு. அதிலுள்ள ஒரு பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், முரண்டு பிடிக்கும் பிள்ளைக்கு அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். சூடு வைப்பதைப் பற்றி எழுதவே கை நடுங்குகிறது. வயிற்றில் தழும்போடு வரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அது வைத்தியமே அல்ல.

ஆனால் எண்ணெய்க் குளியலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, அரை மணி நேரம் உடம்பைப் பிடித்துவிட்டு, வெந்நீர் ஊற்றினால் பல பிள்ளைகள் அன்றிரவு நன்றாகத் தூங்குகிறார்கள். ஒகேனக்கல்லில் மசாஜ் செய்துகொண்டு அருவியில் குளித்தவர்களுக்கு இது புரியும். தேய்க்கும் எண்ணெயில் மருந்து எதுவும் தேவையில்லை. அந்த அரை மணி நேரம் அப்பாவின் கை தன்மேல் இருப்பதும், யாரும் திட்டாமல் இருப்பதும் அந்தப் பிள்ளைக்கு அபூர்வம்.

ஓமியோபதியிலும் எனக்கு இதேதான் தோன்றியது. 2007-ல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, ஏடிஎச்டிக்கு ஓமியோபதி பலன் தருவதற்கு ஆதாரம் போதவில்லை என்றது. உருண்டையால் கெடுதல் நடப்பதும் குறைவு. ஆனாலும் அங்கே போய்வந்த தாய்மார்கள் தெளிவாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அங்கே மருத்துவர் ஒரு மணி நேரம் கேட்கிறார்: எப்போது பயப்படுவான், எந்தப் பக்கம் படுப்பான், எதைக் கண்டால் அழுவான். சொல்லச் சொல்லத் தாயே தன் பிள்ளையைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறாள். இந்தக் கேள்விகளை வீட்டிலேயே, செலவில்லாமல், ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

சாப்பாட்டில் மெய்யான பலன் உண்டு, எதிர்பார்ப்பது ஓர் இடத்தில், கிடைப்பது வேறோர் இடத்தில். சர்க்கரை தின்றால் பிள்ளை துள்ளும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். 1990-களில் நடந்த கவனமான சோதனைகளில் அது நிற்கவில்லை. நிறப்பொடிகளில்தான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்தபோது சாதாரணக் குழந்தைகளிடமும் துடிப்பு கொஞ்சம் கூடியது. அதன்பின் 2010 முதல் ஐரோப்பாவில் அந்த ஆய்வில் வந்த ஆறு நிறங்கள் சேர்த்த பொருள்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றாயிற்று. அவற்றில் பல நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டவை. பள்ளி வாசலில் விற்கும் கலர் பாக்கெட்டுகளை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசே அதைத் தடை செய்தது.

இரும்புச்சத்து இன்னும் முக்கியம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த பிள்ளை எரிச்சல்படும், பாடத்தில் நிற்காது. நம் பக்கம் காலையில் டீயும் பன்னும் கொடுத்து அனுப்புகிறோமே, அந்த டீ சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சரியாக ஏறவிடாது. டீயை நிறுத்துங்கள். கேழ்வரகுக் களியோ கூழோ, முருங்கைக்கீரையோ, கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ போதும். பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்தபிறகு முதல் இரண்டு பாடவேளைகளில் வித்தியாசத்தை நான் கண்ணால் பார்க்கிறேன். குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். இரும்பு மாத்திரையை மட்டும் ரத்தம் பார்த்து, டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்று தண்ணீர். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதை எங்கள் பல்லே சொல்லும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீருக்கும் குழந்தைகளின் குறைந்த அறிவுத்திறனுக்கும் தொடர்பு இருப்பதாக அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-ல் சொன்னது. துடிப்புக்கு அதுவே காரணம் என்று சொல்ல வரவில்லை. குழாயில் காவிரித் தண்ணீர் வரும்போது, குடிக்கவும் சமைக்கவும் போர்த் தண்ணீரை எடுக்காதீர்கள் என்கிறேன். காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

கயிறும் தீர்த்தமும் இருக்கட்டும். தீர்த்தமலைக் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய் மலையேற்றி இறக்கினால் அவனுக்கும் சந்தோஷம்தான். அதற்காக மாத்திரையை நிறுத்துகிறேன் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள்.

இப்போது நான் எல்லா வீட்டிலும் வற்புறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு மருந்து. நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக ஒன்றை ஆரம்பிக்கும் முன் இரண்டு வாரம் சும்மா இருந்து எழுதுங்கள்: எழுதக் கொடுத்ததை முடித்தானா, எத்தனை தடவை எழுந்தான், யாரையாவது அடித்தானா, எப்போது தூங்கினான். நான்கு கேள்வி போதும். பிறகு ஒன்றை மட்டும் ஆரம்பித்து ஒரு மாதம் எழுதுங்கள். வகுப்பாசிரியரிடம் மருந்து ஆரம்பித்ததைச் சொல்லாமல், வெள்ளிக்கிழமைதோறும் இதே கேள்விகளை மட்டும் கேளுங்கள். வீட்டில் நாம் பணம் கொடுத்து வாங்கிய மருந்து பலிக்க வேண்டும் என்று ஆசைப்படுவோம், அந்த ஆசை கண்ணை மறைக்கும். ஆசிரியருக்கு அந்த ஆசை இல்லை. (அலர்ஜி, மயக்கம் போன்றவை வந்தால் உடனே நிறுத்தி ஆசிரியரிடமும் சொல்லிவிட வேண்டும், அது வேறு.) மொரப்பூர்ப் பக்கம் ஒரு தகப்பனார், கட்டட வேலைக்குப் பெங்களூரு போய் வருகிறவர், தன் மகளுக்காக இப்படி நோட்டுப் போட்டார். விலை அதிகமான டானிக் ஒன்றும் செய்யவில்லை, ராத்திரி எட்டரைக்குப் போனை வாங்கி வைத்ததுதான் வேலை செய்தது என்று அவரே கண்டுபிடித்தார்.

ஆங்கில மருந்தும் இதே நோட்டில் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதுதான். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருந்துக்குப் பல ஆய்வுகளின் ஆதாரம் உண்டு. வட அமெரிக்காவில் 579 குழந்தைகளிடம் 14 மாதம் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து முக்கிய அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். அதனால் டாக்டர் எடையையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆறு வயது ஆகாத பிள்ளைக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து அப்புறம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2019-ல் சொல்லியிருக்கிறது. அந்தப் பயிற்சியில் இருப்பவை கேட்க எளிமையானவை: ஒரு தடவைக்கு ஒரே வேலை சொல்வது, சொன்னதைச் செய்த அந்த நிமிடமே பாராட்டுவது, அடிக்காமல் இருப்பது. அம்மா அப்பா இருவரும் வெளியூரில் இருந்தால் ஆயாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆயாக்கள் நன்றாகச் செய்கிறார்கள், என் அனுபவத்தில் பெற்றோரைவிடப் பொறுமையாக.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்கோ போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லாப் பொடி, லேகியம், உருண்டை, டானிக்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல அவருக்கு அது தெரிய வேண்டும். நோட்டும், வகுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கிய ஒரு தாளும் கூடவே இருக்கட்டும். பள்ளியில் எப்படி இருக்கிறான், எந்த வயதிலிருந்து இப்படி என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். இந்த அறிகுறிகள் வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலும், ஆறு மாதத்துக்கு மேலாக, 12 வயதுக்கு முன்பிருந்தே இருந்தால்தான் அதற்கு ஏடிஎச்டி என்று பெயர். வீட்டில் மட்டும் வரும் ஆட்டத்துக்கும் பள்ளியில் மட்டும் வரும் ஆட்டத்துக்கும் காரணத்தை அந்தந்த இடத்தில்தான் தேட வேண்டும்.