மீன்வள முதுகலை நாடும் அத்திப்பட்டு மாணவர்க்கு

முதற்கண் தகுதியைப் பார்த்துக்கொள்க. எம்.எஃப்.எஸ்சி. என்னும் ஈராண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. பயின்றிருத்தல் அவசியம், அப்படிப்பை அளிக்கும் கல்லூரிகளுள் 1977-இல் தோன்றிய தூத்துக்குடிக் கல்லூரி மூத்தது, அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் ஏறிச் சென்றுவிடக்கூடிய பொன்னேரிக் கல்லூரி அண்மையது, இரண்டும் 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. விலங்கியல் பட்டதாரிகளுக்கோ, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்தும் கடல் உயிரியல் மையம் வேறொரு வாயில்.

அடுத்தது நுழைவுத்தேர்வு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்தியத் தேர்வில் முன்னணி இடம் பெறுவோர்க்கு உபகாரச் சம்பளமும் கிட்டும். ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல் இதையும் எழுதுவது விவேகம்.

பலரும் அவசரப்படுவது பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்தான். இறால் பண்ணையில் சம்பளம் அதிகம் என்று எவரோ சொன்னதைக் கேட்டு நீருயிர் வளர்ப்பைக் குறித்துவிடுவார்கள். அது உத்தமமான பிரிவே, ஆனால் கேள்வி எதுவும் மனத்தில் இல்லாதவனுக்கு எப்பிரிவும் பயன் தராது. அத்திப்பட்டுக்காரருக்குக் கேள்விகளைத் தேடித் திரியும் சிரமமே இல்லை. அனல்மின் நிலையச் சாம்பற்குழம்பு கலந்த கொசஸ்தலையாற்றில் மடவையும் நண்டும் எவ்வாறு பிழைக்கின்றன, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெய் சேற்றின் அடியில் எவ்வளவு காலம் தங்குகிறது என்பவை நீர்ச்சூழல் பிரிவுக்கு உரியன. பழவேற்காட்டு மீனவர் தலைமுறைகளாக முறைவைத்து மீன்பிடித்து வரும் பாடு என்னும் ஏற்பாடு, விரிவாக்கப் பிரிவினர் ஆராயத்தக்க சமூக நியதி. காட்டுக்குப்பத்துப் பெரியவர்களிடம் பேசிப் பார்த்து, பிறகு சென்னையில் 1987 முதல் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் வெளியீடுகளைப் புரட்டி, அக்கேள்வியை முன்னரே எவரேனும் ஆராய்ந்துவிட்டாரா என்று நிச்சயித்துக்கொண்டபின் பிரிவைக் குறிப்பதே முறை.

சேர்ந்தபின் ஆய்வு வழிகாட்டியிடம் கால அட்டவணையை முதலிலேயே பேசிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை முகத்துவாரத்து உவர்த்தன்மையையே மாற்றிவிடுவதால், மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்காத ஆய்வு அரைகுறையாகிவிடும். எனவே அக்டோபருக்கு முன்பே சேகரிப்பைத் தொடங்குக. காசிமேட்டுத் துறைமுகக் கணக்கை நம்புவோர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்பதை நினைவிற் கொண்டு, அந்நாட்களில் நாட்டுப்படகுகளின் பிடிப்பைத் தனியே பதிவு செய்ய ஏற்பாடு செய்துகொள்க.