நைட்ரோ டிரக்கின் உச்ச வேகம்: கியரா, பைப்பா, எரிபொருளா?

நேர்ப்பாதையின் கடைசி முப்பது மீட்டரில் உங்கள் ரேடியோ கண்ட்ரோல் நைட்ரோ டிரக் எழுப்பும் சத்தத்தைக் கவனியுங்கள். வேகத்தைக் கூட்ட எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் கியர் விழுந்த பிறகு சுருதி ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அதற்கு மேல் ஏறாமல் ஒரே சீராகக் கத்துகிறதா? அப்படியானால் என்ஜின் தன்னால் சுற்ற முடிந்த அளவு சுற்றிவிட்டது. வண்டியைக் கட்டிப்போட்டிருப்பது கியர். பாதை முடியும்வரை சுருதி ஏறாமல், கனத்த குரலில் திணறி இழுக்கிறதா? அப்போது கியர் ஏற்கெனவே அதிகம். போதாமல் இருப்பது என்ஜினின் பலம். முதல் வகை வண்டிக்குப் பைப் (புகைக்குழாய்) வாங்குவதும், இரண்டாம் வகைக்குப் பெரிய கியர் மாட்டுவதும் வீண் செலவு. இரண்டாவது இன்னும் மோசம், வேகம் குறையவே செய்யும்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை காசு கேட்காதது: கார்புரேட்டரின் ஹைஸ்பீடு நீடிலைச் சரியாக வைப்பது. கடிகாரச் சுற்றில் திருகினால் எரிபொருள் குறைந்து கலவை லீன் ஆகும். எதிர்ச்சுற்றில் ரிச் ஆகும். ரிச்சாக இருந்து லீன் பக்கம் போகும்போது வேகம் கூடிக்கொண்டே வரும். ஆபத்தும் அங்கேதான். இந்த என்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன் இரண்டோடும் கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காக்கிறது. கலவையை லீன் ஆக்கும் ஒவ்வொரு திருகலும் அந்த எண்ணெயையும் குறைக்கிறது. ஆகவே பதினாறில் ஒரு பங்கு சுற்றாகத் திருகுங்கள், ஒவ்வொரு தடவையும் முழு நேர்ப்பாதை ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்திலும் மெல்லிய நீலப்புகை வால்போலத் தொடர வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியால் பிளக் அருகே அளந்தால், பெரும்பாலான என்ஜின்களுக்கு 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் நல்ல எல்லை. 130-ஐத் தாண்டினால் வேகம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் ரிச் பக்கம் திரும்பிவிடுங்கள். புகை நின்றுபோனால் வெப்பமானி என்ன சொன்னாலும் நிறுத்துங்கள். புகையின் சாட்சிதான் பெரியது.

நேற்று வைத்த நீடில் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆக்சிஜன் அதிகம், எனவே எரிபொருளும் கூட வேண்டும். வெயிலும் ஈரப்பதமும் ஏறிய மதியத்தில் அதே வண்டிக்குச் சற்றே லீன் தேவைப்படும். மதியம் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் அதிகாலைக் குளிரில் முழு வேகத்தில் ஓட்டுவது என்ஜினைக் கொல்லும் வழி.

இனி கியர். 1999-இல் டெக்சாஸின் டிராக்ஸஸ் நிறுவனம் கொண்டுவந்த டி-மேக்ஸ் போன்ற டிரக்குகளில் என்ஜினோடு ஒட்டிய கிளட்ச் பெல் பல்லும், அதோடு கடிக்கும் ஸ்பர் கியர் பல்லும் விகிதத்தை முடிவு செய்கின்றன. கணக்கு எளிது. என்ஜின் சுற்றை மொத்த விகிதத்தால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30,000 சுற்று, இரண்டாம் கியரில் மொத்த விகிதம் 12, டயர் விட்டம் 150 மில்லிமீட்டர் என்று வைத்தால், மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர் வரும். கிளட்ச் பெல்லை 18 பல்லிலிருந்து 20-க்கு மாற்றினால் காகிதத்தில் 11 சதவீதம் கூடி 78 தாண்டும்.

காகிதத்தில் என்று சொல்வதற்குக் காரணம் காற்று. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாக. அந்த 11 சதவீத வேகத்துக்குக் காற்றுக்கு மட்டுமே 37 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். என்ஜினிடம் அந்தக் கையிருப்பு இருந்தால்தான் புதிய கியர் பலிக்கும். கையிருப்பு உண்டா என்பதைத்தான் தொடக்கத்தில் சொன்ன சத்தம் காட்டுகிறது.

கிளட்ச் பெல்லா, ஸ்பரா? கிளட்ச் பெல்லில் ஒரு பல் கூட்டுவது பெரிய தாவல்: 18-க்கு 19 என்றால் 5.6 சதவீதம். 72 பல் ஸ்பரில் ஒன்று குறைப்பது 1.4 சதவீதம்தான். ஆகவே கிளட்ச் பெல்லில் தாண்டுங்கள், ஸ்பரில் நுணுக்குங்கள். விலை குறைவு, கழற்றி மாட்டுவதும் சுலபம் என்பதால் எனக்குக் கியர் மாற்றம்தான் முதல் தேர்வு. இழப்பும் உண்டு: பிக்கப் குறையும், கிளட்ச் அதிகம் வழுக்கிச் சூடாகும். மாட்டும்போது இரண்டு கியருக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்கி, பிறகு உருவி எடுங்கள். அந்த இடைவெளி போதும்.

இரண்டு வேக கியர்பாக்ஸில் இன்னொரு சங்கதி. சில வண்டிகள் இரண்டாம் கியருக்கே மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் கியரில் கத்துவதைக் கேட்டு, கியர் போதவில்லை என்று தப்பாக எண்ணத் தோன்றும். டி-மேக்ஸில் ஷிஃப்ட் திருகை எட்டில் ஒரு பங்கு எதிர்ச்சுற்றில் தளர்த்தினால் முன்னதாக மாறும். புதிய கியர் வாங்குமுன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

டயரை மாற்றுவது மறைமுகமான கியர் மாற்றம். விட்டம் கூடினால் வேகமும் கூடும், பலத்தின் தேவையும் கூடும். மான்ஸ்டர் டிரக் டயரில் கூடுதலாக ஒரு தொல்லை: அதிவேகத்தில் ரப்பர் மையவிலக்கு விசையால் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், வண்டி தள்ளாடும். உள்ளே பெல்ட் வைத்த டயர் உப்பாது. தார்ச்சாலையில் வேகம் பார்ப்பவருக்குப் பெரிய டயரைவிட பெல்ட் டயரே நல்ல செலவு.

திணறி இழுக்கும் வண்டிக்கு வருவோம். அங்கே பைப்பும் எரிபொருளும் போட்டியிடுகின்றன. டியூன்டு பைப்பில் வெளியேறும் புகையின் அழுத்த அலை கூம்பில் மோதித் திரும்பி, வெளியே கசியும் புதுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பைப், அதை என்ஜினோடு இணைக்கும் ஹெடர் இரண்டின் நீளமும் குறையும்போது அலை விரைவாகத் திரும்புகிறது. அது உயர்ந்த சுற்றில் உதவும். நீளமானால் நடு வேகத்து இழுவை கூடும். உச்ச வேகத்துக்குக் குட்டைதான், ஆனால் புறப்படும்போது வண்டி மந்தமாகத் தெரியும்.

நைட்ரோமீத்தேன் தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவது. மெத்தனால் ஒரு கிலோ எரிய ஆறரை கிலோ அளவுக்குக் காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். அதனால் ஒரு வீச்சில் அதிகம் எரிக்கலாம், பலம் கூடும். எரிபொருளில் நைட்ரோமீத்தேன் 20 சதவீதத்திலிருந்து 30-க்குப் போகும்போது நீடிலை ரிச் பக்கம் திறக்க வேண்டும். ஹெட்டுக்கு அடியில் ஒரு ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) கூட்ட வேண்டியும் வரலாம். டாங்க் சீக்கிரம் காலியாகும், செலவு ஒவ்வொரு ஓட்டத்திலும் தொடரும், எச்சம் பேரிங்கில் துரு பிடிக்க வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவருக்கு இந்த வாய்ப்பே இல்லை: 2021 முதல் பொதுமக்கள் எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் கலந்ததை உரிமமில்லாமல் வாங்க முடியாது. இரண்டில் ஒன்றென்றால் நான் பைப்பைச் சொல்வேன். ஒருமுறை கொடுத்த காசு நிலைத்து நிற்கும்.

பெரிய என்ஜின் கடைசி வழி. டிராக்ஸஸே டி-மேக்ஸை 2.5 சி.சி.யிலிருந்து 3.3 சி.சி.க்குக் கொண்டுபோனது. ஆனால் பழைய வண்டியில் பெரியதை மாட்டினால் கிளட்ச், கியர்பாக்ஸ், அச்சுகள் என்று அடுத்தடுத்துப் பலவீனம் வெளிப்படும். என்ஜின் விலையை மட்டும் எண்ணி இதில் இறங்கக் கூடாது.

எந்த வழியில் போனாலும் ஃபெயில்சேஃப் இல்லாமல் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். ரேடியோ சிக்னல் அறுந்தால் த்ராட்டிலை மூடி பிரேக் பிடிப்பது அதுதான். ஐந்து கிலோ வண்டி மணிக்கு 72 கிலோமீட்டரில் மோதுவது, அதே வண்டி ஆறுமாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆள் நடமாட்டமில்லாத நீண்ட பாதையில் மட்டும் ஓட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

வேகம் மட்டுமே ஆசை என்றால் ஒரு விஷயத்தை எண்ணிப் பாருங்கள். 3.3 சி.சி. டி-மேக்ஸுக்கு நிறுவனம் சொன்ன வேகம் மணிக்கு 45 மைலுக்கு மேல். அதே 3.3 சி.சி. என்ஜினை வைத்த, அதே நிறுவனத்தின் ஜாட்டோ என்ற டிரக்குக்குச் சொன்னது 65-க்கு மேல். ஜாட்டோ தாழ்ந்தது, இலேசானது, பின்சக்கரத்தில் மட்டும் ஓடுவது. உயரமான மான்ஸ்டர் டிரக்கை அந்த வேகத்துக்குத் தள்ள ஆகும் செலவில் பழைய ஜாட்டோ ஒன்றைத் தேடலாம். மண்மேட்டில் தாவுவதும் வேண்டும் என்பவர் டி-மேக்ஸையே வைத்துக்கொண்டு, நீடில், ஷிஃப்ட் திருகு, இரண்டு பல் கியர் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.