ஸ்பேஸ் பாருக்குப் பின்னால் என்ன வைப்பது?

எங்கள் அணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் விம் எடிட்டரைத் திறந்ததும் முதலில் கேட்பது, "அண்ணா, உங்க விம்ஆர்சி கோப்பைக் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்பதுதான். நான் அனுப்புவதில்லை. அந்த அமைப்புக் கோப்பு என் கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதற்குப் பதிலாக உட்காரவைத்து இவற்றைச் சொல்கிறேன்.

1. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, அலுப்பு தட்டும் அளவுக்கு ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். நான் அப்படிச் செய்த நாளில், மதியச் சாப்பாட்டுக்குள் சேமிப்புக்கான கோடுகளே பாதித் தாளை நிரப்பிவிட்டன. கோலனுக்காக ஷிஃப்ட், பிறகு டபிள்யூ, பிறகு என்டர். எதற்குக் குறுக்குவிசை வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் கோப்பு அல்ல.

2. லீடர் விசையை, அதாவது உங்கள் குறுக்குவிசைகளுக்கு முன்னால் அழுத்தும் விசையை, ஸ்பேஸ் பாருக்கு மாற்றுங்கள். விம் தானாகத் தருவது பின்சாய்வுக்கோடு; சுண்டுவிரல் எட்டிப் பிடிக்க வேண்டிய மூலை அது. ஸ்பேஸோ கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது. நார்மல் நிலையில் அது செய்வதெல்லாம் ஓர் எழுத்து வலப்பக்கம் நகர்வதுதான்; அதற்கு எல் விசை இருக்கவே இருக்கிறது. ஆனால் இன்சர்ட் நிலையில் லீடரை வைத்து எதையும் அமைக்காதீர்கள். வைத்தால், சொற்களுக்கு நடுவே ஸ்பேஸ் அடிக்கும்போதெல்லாம் விம் "அடுத்து ஏதாவது வருமா?" என்று காத்து நிற்கும்.

3. ஆபத்தான கட்டளையை அன்றாடக் கட்டளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஸ்பேஸ்-டபிள்யூ சேமிக்க, ஸ்பேஸ்-க்யூ சேமிக்காமலே வெளியேற என்று ஒரு காலத்தில் வைத்திருந்தேன். விசைப்பலகையில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் விசைகள். ஒரு மாலை, அரை மணி நேரம் எழுதியதைச் சேமிக்கப் போன விரல் ஒரு விசை இடப்பக்கம் விழுந்தது. திரையில் டெர்மினல் மட்டும் மிஞ்சியது. சேமிக்காமல் வெளியேறுவதற்கு அன்றிலிருந்து நான் குறுக்குவழி வைப்பதில்லை. அதை முழுதாக அடிக்கும் நேரத்தில் மனசு ஒரு தடவை யோசித்துக்கொள்ளும்.

4. குறுக்குவிசை அமைக்கும்போது எப்போதும் 'நோர்' உள்ள கட்டளை வடிவத்தையே எழுதுங்கள்: என்மேப் வேண்டாம், என்நோர்மேப். ஷிஃப்ட் அழுத்தும் தொல்லை போக அரைப்புள்ளியையும் கோலனையும் இடம் மாற்றிக்கொள்பவர்கள் நிறையப் பேர். என்மேப்பில் எழுதினால் அரைப்புள்ளி கோலனைக் கூப்பிடும், கோலன் மறுபடி அரைப்புள்ளியைக் கூப்பிடும். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பிழைச் செய்தி. என்நோர்மேப் ஒரு தடவை மட்டும் மாற்றி நின்றுவிடும்.

5. ஸ்பேஸ்-எஃப் ஒரு கட்டளை, ஸ்பேஸ்-எஃப்-ஜி இன்னொன்று என்று வைத்தால் முதலாவது மந்தமாகும். ஜி வருகிறதா என்று விம் 1000 மில்லிவினாடி, அதாவது முழுசாக ஒரு வினாடி, பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் காத்திருப்பைத் தீர்மானிக்கும் டைம்அவுட்லென் அளவைக் குறைக்கலாம்தான். ஆனாலும் ஒன்று இன்னொன்றின் தொடக்கமாக அமையாதபடி எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

6. கேப்ஸ் லாக்கை எஸ்கேப் ஆக்குங்கள். பில் ஜாய் 1976-இல் விம்மின் முன்னோடியான விஐ எழுதிய காலத்தில் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில், இன்று டேப் இருக்கும் இடத்தில்தான் எஸ்கேப் இருந்தது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சடித்திருந்தன. விஐயின் விரலசைவுகள் அந்தப் பலகைக்குப் பொருந்தியவை. எஸ்கேப்பை இப்போது மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். நாம்தான் கைக்கு அருகே கொண்டுவர வேண்டும்.

7. தமிழும் எழுதுபவர்களுக்கு. இயங்குதளத்தின் தமிழ்99 பலகையை இயக்கியபடியே நார்மல் நிலைக்கு வந்து ஜே அடித்தால், விம்முக்குப் போவது 'ப'. கர்சர் அசையாது, கட்டிய குறுக்குவிசைகள் எதுவும் வேலை செய்யாது. விம்முக்கே உரிய கீமேப் கோப்பாகத் தமிழை அமைத்துக்கொண்டால், இன்சர்ட் நிலையில் தமிழ் வரும், நார்மல் நிலையின் கட்டளைகள் அப்படியே இருக்கும். இன்சர்ட் நிலையில் இருந்தபடியே கண்ட்ரோலுடன் ^ குறியை அழுத்தினால் மொழி மாறும்.

8. கண்ட்ரோல்-எஸ் அடித்ததும் திரை உறைந்தால் பதறாதீர்கள். பல டெர்மினல்களில் அது வெளியீட்டை நிறுத்தும் பழைய சைகை. கண்ட்ரோல்-க்யூ அடித்தால் உயிர் வரும்.

9. அமைத்த ஒவ்வொரு வரிக்கும் மேலே, ஏன் வைத்தீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். ஒரு விசை எதிர்பாராததைச் செய்தால் 'வெர்போஸ் என்மேப்' என்று அடித்து அந்த விசையையும் சேர்த்துக் கேளுங்கள். எந்தக் கோப்பு அதைக் கடைசியாக அமைத்தது என்று விம் சொல்லும். பெரும்பாலும் ஏதோ ஒரு பிளக்இன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கோப்பை மேலிருந்து கீழ்வரை படித்து, கை மறந்துபோன வரிகளை அழித்துவிடுங்கள். சேமிப்புக்கான அந்த முதல் வரி மட்டும் இத்தனை வருஷமாக என் கோப்பில் அப்படியே இருக்கிறது.