கப்பல் கணினிகள் சொல்லும் பாடம்

கணினித் துறைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளே! அமெரிக்கக் கடற்படை 1950-களின் நடுவில் தொடங்கிய என்.டி.டி.எஸ். என்ற போர்க்கப்பல் தரவு அமைப்பைப் பற்றிப் படியுங்கள். பல கப்பல்களுக்கும் பொதுவான கணினி அதிலிருந்துதான் வளர்ந்தது. நான் அதில் கற்றவை இவை:

1. தேவை எங்கே என்று பாருங்கள். அந்த அமைப்பு வருவதற்கு முன், ரேடாரில் தெரிந்ததை ஒருவர் வாயால் சொல்வார்; கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் நிற்கும் மாலுமி அதை மெழுகுப் பென்சிலால் இடவலம் மாற்றி எழுதுவார். ஜெட் விமானங்களின் வேகத்துக்கு அந்தக் கை ஈடுகொடுக்கவில்லை.

2. ஒற்றை இயந்திரத்தை நம்பி எதையும் கட்டாதீர்கள். ஒரே மாதிரியான கணினிகள் பலவற்றைக் கடற்படையினர் கப்பலில் இணைத்தார்கள். ஒன்று படுத்துவிட்டால் மற்றவை முக்கியமான வேலைகளைத் தாங்கும்.

3. வேலை நடக்கும் இடத்திலேயே சோதியுங்கள். செய்ன்ட் பால் நகரில் யூனிவாக் நிறுவனத்தில் சீமோர் க்ரே இந்தக் கணினியின் முதல் மாதிரியை டிரான்சிஸ்டர்களால் வடிவமைத்தார். அதைத் திருத்தி உருவானது யு.எஸ்.க்யூ-20: இரட்டைக் கதவுக் குளிர்பதனப் பெட்டியளவு உருவம், 30 பிட் சொல், 32,768 சொற்கள் கொள்ளும் காந்த வளைய நினைவகம். 1961-இல் ஒரிஸ்கனி, கிங், மகான் ஆகிய கப்பல்களில் ஏற்றிக் கடலிலேயே சோதித்தார்கள்.

4. பழுது பார்ப்பவரை நினைத்து வடிவமையுங்கள். நடுக்கடலில் பட்டறை கிடையாது. 1970-களில் பெரிய வேலைகளுக்கு 32 பிட் யு.ஒய்.கே-7, சிறியவற்றுக்கு 16 பிட் யு.ஒய்.கே-20 என்று பொதுக் கணினிகளைக் கடற்படை வகுத்ததால், உதிரி பாகமும் பயிற்சியும் பொதுவாயின. கப்பல் மாறிப் போகும் தொழில்நுட்பரும் தனக்குப் பழகிய கணினியையே அங்கே காண முடிந்தது.

5. எழுதிய மென்பொருளைப் பாதுகாருங்கள். 1980-களில் வந்த யு.ஒய்.கே-43, முன்பு யு.ஒய்.கே-7-க்கு எழுதிய நிரல்களை ஓட்டும்படி செய்யப்பட்டது. பல ஆண்டு உழைப்பு வீணாகவில்லை.

6. பொதுத்தரத்துக்கும் வயதாகும். சந்தைக் கணினிகள் முந்திச் சென்றதால், 1990-களில் கடற்படையே அவற்றின் பக்கம் திரும்பியது. ஒரு தரத்தை வகுக்கும்போதே, அதை எப்போது, எப்படி மாற்றுவது என்றும் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுதான்.