பழைய கம்ப்யூட்டரை மாற்றப்போகும் டிசைன்காரர்களுக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளுக்கு நடுவே டிசைன் போட்டுத் தருகிற வீடுகளும் உண்டு. முன்பு கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். மாங்காய், மயில் சக்கரம், இருதலைப்பட்சி, ருத்ராட்சம், கோபுரக்கரை எல்லாம் கட்டம் கட்டமாக அதற்குள் இருக்கின்றன. குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஜக்கார்டில் ஒரு ஊசி. ஒரு வரிசை என்றால் ஓர் அட்டை. காஞ்சிபுரத்தில் இந்தக் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பல வீடுகளில் பத்து, பதினைந்து வருடப் பழைய பெட்டிகள்தான் இன்னும் ஓடுகின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டதால், புதிது வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். வாங்கிய கையோடு எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பெட்டியிலிருந்து புதியதற்குக் காப்பி நகர மாட்டேன் என்கிறது.

“நேத்து ராத்திரி போட்டேன் தம்பி, இன்னும் பாதிகூடப் போகலை” என்று காலையில் போன் வரும். “வேகம் எவ்வளவு காட்டுது ஐயா? ஒரே மாதிரி போகுதா, ஏறி இறங்குதா?” என்றுதான் முதலில் கேட்பேன். இதற்குப் பதில் கிடைத்தால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வேகத்தைப் பார்க்காமல் கேபிளை மாற்றுவதும் புது ஹார்ட் டிஸ்க் வாங்குவதும் வீண் செலவு.

‘இன்னும் 3 மணி நேரம்’ என்று விண்டோஸ் சொல்லும் கணக்கை விட்டுவிடுங்கள். அது அப்போதைய வேகத்தை வைத்துச் சொல்லும் ஊகம்தான். காப்பி ஓடும்போது திரையில் தோன்றும் சாளரத்தில் ‘மோர் டீடெயில்ஸ்’ அழுத்தினால் விநாடிக்கு எத்தனை எம்பி போகிறது என்று தெரியும். அது 1 எம்பியையே சுற்றிக்கொண்டிருந்தால், யுஎஸ்பி போர்ட் பழைய 1.1 முறையில் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். டிரைவர் சரியாக ஏறாத பழைய பெட்டிகளில் இது நடக்கும். 2 எம்பி அளவில் போனால் பழைய வைஃபை. 11 எம்பியில் ஆணி அடித்தாற்போல் நின்றால் நெட்வொர்க் 100 எம்பிபிஎஸ்ஸில் இருக்கிறது. 30, 40 என்றால் யுஎஸ்பி 2. நூறைத் தாண்டிவிட்டால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

300 ஜிபி இருக்கிறது என்று வையுங்கள். 11 எம்பி வேகத்தில் அது முடிய ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே பொருள் 110 எம்பி வேகத்தில் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 1 எம்பி வேகத்தில் மூன்று நாளுக்கு மேல் இழுக்கும்.

நான் அதிகம் பார்ப்பது அந்த 11 எம்பி கேஸ்தான். இன்டர்நெட் இணைப்போடு கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் கேபிள் செருகும் ஓட்டைகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. இன்னொரு காரணம் கேபிள். அதற்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். கதவிடுக்கில் நசுங்கியோ எலி கடித்தோ மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்திருந்தால் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இரண்டு பெட்டியிலும் ஜிகாபிட் போர்ட் இருந்தால் ரவுட்டரை ஒதுக்கிவிட்டு ஒரு நல்ல கேட் 6 கேபிளால் நேராக இணைத்துவிடுங்கள். ஒன்றுக்கு 192.168.10.1, இன்னொன்றுக்கு 192.168.10.2 என்று முகவரி கொடுத்தால் போதும். ஜிகாபிட் போர்ட்டுகள் தாங்களே சரிசெய்துகொள்ளும் என்பதால் கிராஸ் கேபிள் தேவையில்லை. இரண்டையும் வைஃபையில் வைத்துக் காப்பி போடுவதுதான் மோசமான வழி. ஒவ்வொரு துணுக்கும் ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து புதிய பெட்டிக்கு ஒருமுறை என்று காற்றில் இரண்டு தடவை போவதால், இருக்கும் வேகமும் பாதியாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் டிசைன் ஃபோல்டர் வந்தவுடன் வேகம் படுத்துவிடும். நம் ஊர் கம்ப்யூட்டர்களுக்கென்றே உள்ள காரணம் இது. ஒரு டிசைன் ஃபைல் பெரும்பாலும் சில கேபிதான். ஆனால் உடல், கரை, முந்தி, புட்டா என்று தனித்தனி, ஒவ்வொன்றிலும் திருத்தம் ஒன்று, திருத்தம் இரண்டு என்று சேர்ந்து சேர்ந்து வருடக்கணக்கில் லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் புதிய பெட்டி பெயர் எழுத வேண்டும், தேதி எழுத வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், ஆன்டிவைரஸ் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாவு எவ்வளவு நீளம் என்பதல்ல, எத்தனை இழை என்பதுதான் அங்கே நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு ஃபைலுக்கு ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு வீணானாலும் இரண்டு லட்சம் ஃபைலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை இருக்கிறது. முதலில் ஒரே ஒரு பெரிய ஃபைலை, ஒரு சினிமாவோ கல்யாண வீடியோவோ, காப்பி போட்டுப் பாருங்கள். பிறகு டிசைன் ஃபோல்டர் ஒன்றைப் போடுங்கள். பெரியது வேகமாகவும் சின்னவை மெதுவாகவும் போனால் கேபிளையும் போர்ட்டையும் தொடாதீர்கள். 7-ஜிப் மென்பொருளில் ‘ஸ்டோர்’ என்று வைத்து, சுருக்காமல், ஃபோல்டர் முழுவதையும் ஒரே ஃபைலாகக் கட்டுங்கள். கட்டிய ஃபைல் பழைய டிஸ்க்கில் விழக்கூடாது. நேராகப் புதிய பெட்டியிலோ வெளி டிஸ்க்கிலோ உருவாகும்படி வையுங்கள். போய்ச் சேரும் ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸ் பார்வையிலிருந்து தற்காலிகமாக விலக்கி, எல்லாம் வந்தபின் முழுதாக ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம். அட்டை குத்துகிறவரிடம் போய் வரும் பென்டிரைவ்கள் நம் ஊரில் பத்து கம்ப்யூட்டர் ஏறி இறங்குகின்றன.

பென்டிரைவையே நம்பி மொத்தத்தையும் மாற்ற நினைக்கிறவர்களும் உண்டு. மலிவான பென்டிரைவ் முதல் சில ஜிபி வேகமாக எழுதும், பிறகு 5 எம்பிக்கு விழும். ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. டிசைன் கொண்டுபோக அது போதும், வீடு மாற்ற அது போதாது.

வேகம் ஏறி இறங்குகிறது என்றால் கதை வேறு. இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெரியவர் வீட்டில் காப்பி 60 எம்பியில் ஓடும், திடீரென்று பூஜ்யத்துக்கு விழும், அசையாமல் நிற்கும், மறுபடி ஓடும். கேபினெட் பக்கத்தில் காது வைத்தால் ஒரே இடைவெளியில் டிக், டிக் என்று சத்தம். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தேன். டிஸ்க் நூறு சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டியது. படித்துத் தந்ததோ 200 கேபிகூட இல்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலை மஞ்சளில் ‘காஷன்’. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது.

காப்பியை நிறுத்தினேன். “மெதுவாவாவது போயிட்டு இருந்துச்சே, ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?” என்றார்.

காரணம் இதுதான். ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் ஹார்ட் டிஸ்க் உடனே தோல்வியைச் சொல்லாது. பல விநாடிகள் திரும்பத் திரும்ப முயலும். அது கைவிட்டாலும் விண்டோஸ் மறுபடி கேட்கும். பழுதான டிஸ்க்கை இப்படி இரவு முழுக்க வதைத்தால் நல்ல பகுதிகளும் போகலாம். அப்போது ஓடிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? கல்யாண வீடியோக்களும், 2019-ல் அத்திவரதர் எழுந்தருளியிருந்த 48 நாட்களில் பிள்ளைகள் எடுத்த படங்களும். டிசைன்கள் வரிசையில் கடைசியாக இருந்தன. அவருடைய தந்தை தாளில் வரைந்த டிசைன்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தார். தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. திரும்பக் கிடைக்காதது எது என்று கேட்டபோது யோசிக்காமல் அந்த ஃபோல்டரைக் காட்டினார். 2 ஜிபிகூட இல்லை. அதை முதலில் எடுத்தோம். பிறகு ஜரிகைக் கணக்கும் கூலிக் கணக்கும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

மிச்சத்துக்கு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பெட்டியில் மாட்டி, லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து அந்தப் பெட்டியைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று குறிப்பு வைத்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பியும் நல்ல கருவிதான். ஆனால் ஒரு ஃபைல் படிக்க வராவிட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை என்று பத்து லட்சம் தடவை முயலும்படி அமைத்திருக்கிறார்கள். பழைய டிஸ்க்கில் பயன்படுத்தினால் முயலும் எண்ணிக்கையையும் காத்திருக்கும் நேரத்தையும் ஒன்றாகக் குறைத்துவிடுங்கள்.

சில டிசைன்கள் சிதைந்துதான் வந்தன. ஆனால் அவற்றின் அட்டைக்கட்டுகள் பரணில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து பெரியவர் ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கும் இடங்களைச் சொல்லச் சொல்ல, மருமகள் திரையில் கட்டங்களை நிரப்பினார். ஓட்டை இருந்தால் ஊசி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804-ல் பிரான்சின் லியோன் நகரில் ஜோசஃப் மாரி ஜக்கார்ட் அமைத்த முறை அது. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் ஓட்டை போட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். கம்ப்யூட்டர் தொழிலே அந்த வழியில் வளர்ந்தது. ஹார்ட் டிஸ்க் இழந்ததை அட்டை திருப்பித் தந்ததைப் பார்த்தபோது இந்த ஊர்த் தொழிலின் மேல் எனக்கிருந்த மரியாதை இன்னும் கூடியது.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பெட்டிகளுக்கு மட்டும் இரண்டு குறிப்புகள். டிஸ்க்கைப் படிப்பதில் ஆறு தடவை பிழை வந்தால் எக்ஸ்பி தானாகவே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ என்ற பழைய முறைக்கு இறக்கிவிடும், பிறகு ஏற்றாது. டிவைஸ் மானேஜரில் ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். ஆனால் பிழை ஏன் வந்தது என்று டிஸ்க்கையும் கேபிளையும் பார்த்த பிறகே செய்யுங்கள். இரண்டாவது, புதிய விண்டோஸ் பெட்டி எக்ஸ்பியை நெட்வொர்க்கில் பார்க்காது. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் புகுந்த எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையைப் புதிய விண்டோஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி 3 கேபிளால் புதிய பெட்டியின் நீல நிறப் போர்ட்டில் மாட்டுங்கள். பெரிய டிஸ்க்குக்குத் தனி பவர் அடாப்டர் வேண்டும். மிகப் பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் அதற்கும் சேர்த்து உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். என்னைக் கேட்டால், நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்கும் இதுவே முதல் வழி.

இரவில் காப்பி போடுகிறவர்கள் கம்ப்யூட்டர் தூங்கப் போகாதபடி பவர் அமைப்பை மாற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுப் படுங்கள். தறி வீட்டில் பட்டுப் பிசிறும் தூசியும் ஃபேனில் அடைத்துப் பெட்டி சூடேறியிருக்கும். சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

டிசைன் மென்பொருளைக் காப்பி செய்து கொண்டுபோக முடியாது, மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். அதன் டாங்கிள் பழைய பிரின்டர் போர்ட்டில் மாட்டுவது என்றால் புதிய பெட்டியில் அதற்கு இடமிருக்காது. வாங்கும் முன்பே மென்பொருள் விற்றவரிடம் பேசிவிடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளாவிட்டால் பழைய பில்கள் எல்லாம் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

எல்லாம் வந்துவிட்டது என்று திரை சொன்னாலும் பழைய ஃபோல்டரிலும் புதிய ஃபோல்டரிலும் ஃபைல்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பத்து இருபது டிசைன்களைத் திறந்து ஊசிக் கணக்கும் அட்டைக் கணக்கும் சரியா என்று பாருங்கள். பிறகு வெளி டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். இரண்டு பிரதியும் சரிபார்த்து முடியும்வரை பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள், பெட்டியோடு விற்றும்விடாதீர்கள். பரணில் இருக்கும் அட்டைக்கட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.